கர்ணத்தின் திண்ணையும் நம் வீட்டுப் பெண்ணின் நாற்காலியும்

சர்க்கார் நிர்வாகம், ஆபீஸ் சீர்திருத்தம் என்றெல்லாம் பேச்சு வந்தால் நம்மில் பலர் மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறோம். "அதெல்லாம் அவுக பாத்துக்கிடுவாக" என்று வீட்டுக்காரர் தலையில் கட்டிவிடுகிறோம். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நினைப்பு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழந்தை பிறந்தால் பதிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சாதிச் சான்று வேண்டும். படிப்பு உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். வீட்டுமனைக்குப் பட்டா வேண்டும். ஐயோ, வேண்டாத காலம் வந்து வீட்டுக்காரர் கண் மூடிவிட்டால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, விதவை உதவித்தொகை என்று வரிசையாக நிற்கும். கிராமத்தில் பிறந்தது முதல் மண்ணுக்குப் போவது வரை, ஒரு குடும்பத்தின் நல்லது கெட்டது அத்தனையும் கிராம நிர்வாக அலுவலர் மேஜையைத் தொட்டுத்தான் போகிறது. நாம் வி.ஏ.ஓ. என்கிறோமே, அவர்தான்.

அந்த மேஜைக்குப் பின்னால் யார் உட்காருவது என்பதில் நம் தமிழ்நாட்டில் 1980-ல் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. இன்றைய இளம் தாய்மார்கள் பலருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்வது நல்லது. அந்த மாற்றத்தில் பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதியில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பரம்பரைச் சொத்தாய் இருந்த பதவி

எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் வயதான ஆச்சிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊருக்கு ஒரு கர்ணம் இருப்பார். சில இடங்களில் கணக்குப்பிள்ளை என்பார்கள். யாருக்கு எத்தனை சென்ட் நிலம், என்ன பயிர், எந்தக் குளத்துத் தண்ணீர் என்று கணக்கு எழுதுவது அவர் வேலை. இன்னொருவர் கிராம முன்சீப். தீர்வை வசூல் செய்வார். சில்லறை வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. இவர்களுக்குக் கீழே தலையாரி.

இவர்களுக்கென்று தனி ஆபீஸ் கட்டிடம் பெரும்பாலும் கிடையாது. கர்ணம் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். கணக்குப் புத்தகங்கள் அவர் வீட்டு அலமாரியில். அவர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வரும் வரை ஜனங்கள் வாசலில் காத்திருப்பார்கள். ஆண்கள் திண்ணை ஓரமாய் நிற்பார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில். சில ஜாதிக்காரர்கள் அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாத ஊர்களும் இருந்தன. நல்ல கர்ணங்களும் இருந்தார்கள். கையெழுத்துக் கோணாமல், ஒரு செண்டு நிலம் மாறாமல் கணக்கு எழுதினவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் நல்லவர் வாய்ப்பது ஊரின் அதிர்ஷ்டம். கெட்டவர் வாய்த்தால்? அவருக்குப் பிறகு அவர் மகன் வருவார். அவ்வளவுதான்.

ஆமாம், மகன்தான். ஏனென்றால் அந்தப் பதவி பரம்பரைச் சொத்து. இது வெறும் ஊர் வழக்கம் இல்லை, வெள்ளைக்காரன் எழுதி வைத்த சட்டம். ஜமீன் கிராமங்களுக்கு 1894-ல் ஒரு சட்டம், மற்ற கிராமங்களுக்கு 1895-ல் ஒரு சட்டம். நம் பக்கம் சிவகிரி, ஊற்றுமலை என்று ஜமீன்கள் இருந்த சீமை, ஆகவே இரண்டுமே நமக்குப் பழக்கம். ஜமீன் பட்டம் மூத்தவனுக்குப் போகிற மாதிரியே இந்தப் பதவியும் ஒரே வாரிசுக்கு, மூத்த வழியில் போனது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1854-ல் இங்கிலாந்தில் ஒரு அறிக்கை வந்தது. நார்த்கோட், ட்ரெவெல்யன் என்ற இரண்டு பேர் எழுதியது. பெரிய இடத்துச் சிபாரிசில் சர்க்கார் வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது, பரீட்சை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். மறு வருஷமே, 1855-ல், இந்தியாவை ஆளும் பெரிய உத்தியோகங்களுக்கு லண்டனில் போட்டிப் பரீட்சை ஆரம்பமானது. மேலே கலெக்டர் பரீட்சை எழுதி வந்தார். கீழே நம் ஊர்க் கணக்கை எழுதுகிறவர் மட்டும் தகப்பனுக்குப் பிள்ளை என்று வந்தார். ஏழை ஜனங்கள் கலெக்டர் முகத்தை ஆயுளில் ஒரு தடவை பார்ப்பார்களோ என்னவோ, கர்ணத்தின் முகத்தில்தான் தினம் விழிக்க வேண்டும். மாற்றம் அவசியமாக இருந்த இடத்தில் அது வரவே இல்லை.

"ஆதிகாலத்திலேயே அப்படித்தானே?" என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிச் சொல்ல முடியாது. காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏறக்குறைய 1,100 வருஷத்துக்கு முந்தியது. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்தார்கள். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பதவி ஒரு வருஷம்தான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மறுபடி இடம் கிடையாது! அந்தக் குடத்தில் பெண்கள் பெயரும் ஏழைகள் பெயரும் விழவில்லை என்பது உண்மை. ஆனாலும் கணக்குக் காட்டாவிட்டால் குடும்பத்துக்கே பதவி இல்லை என்று அன்று எழுதினார்கள். பின்னாளில் குடும்பத்துக்கே பதவி என்று ஆனது!

1980 நவம்பரில் நடந்தது

சுதந்திரம் வந்து, அரசியல் சட்டம் வந்தது. பிறப்பை வைத்துச் சர்க்கார் வேலையில் பேதம் பார்க்கக் கூடாது என்று அதன் 16-வது பிரிவு சொல்கிறது. ஆந்திராவில் ஒரு கிராம முன்சீப் பதவி சம்பந்தமான வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1960 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கிராமப் பதவியும் சர்க்கார் பதவிதான், பரம்பரை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்குக் கொடுக்க முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

அதன் பிறகு நம் மாநிலத்தில் 1968-ல் அந்தப் பழைய பரம்பரைச் சட்டங்களை நீக்கினார்கள். 1970-ல் கிராம அதிகாரிகளுக்கென்று புது விதிகள் வந்தன, படிப்புத் தகுதியும் சொன்னார்கள். இருந்தாலும் பதவி பகுதிநேரப் பதவியாகவே இருந்தது. பெரும்பாலும் பழைய குடும்பத்தார்களே தொடர்ந்தார்கள். பகுதிநேரப் பதவிகளை எடுத்துவிட்டு, இடமாற்றம் செய்யக்கூடிய முழுநேர ஊழியர்களைப் போட வேண்டும் என்று 1973-ல் நிர்வாகச் சீர்திருத்தக் குழு சிபாரிசு செய்தது. சிபாரிசு ஏழு வருஷம் காத்திருந்தது.

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1980 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 14-ந் தேதி முதல் கர்ணம், முன்சீப் பதவிகள் தமிழ்நாடு முழுக்க இல்லை என்று ஆகிவிட்டன. அடுத்து 1981-ல் சட்டசபையில் சட்டமாகவும் நிறைவேறியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள் ஒரே நாளில் போயின.

அந்த நாளைப் பற்றிப் பேசும்போது ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது நியாயம் இல்லை. முந்தின நாள் ஊருக்குப் பெரிய மனிதராக இருந்தவர் மறுநாள் புத்தகங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நின்றார். சம்பளம் சொற்பம்தான், ஆனால் அதை நம்பியும் குடும்பங்கள் இருந்தன. அந்த வீட்டுப் பெண்கள் பட்ட பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. நல்லெண்ணத்தோடு நிர்வாக வசதிக்காக ஒரு பதவியை எடுத்துவிட அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். பழையவர்களிலும் தகுதியுள்ளவர்களைப் பரிசீலித்துப் புதிய வேலையில் சேர்த்துக்கொள்ள வழி செய்தார்கள்.

"கெட்டுப்போன கணக்கன் பழைய கணக்கைப் புரட்டினானாம்" என்று நம் பக்கம் ஒரு பழமொழி உண்டு. நான் பழைய கணக்கைப் புரட்டுவது வேறு காரணத்துக்காக. அன்று திறந்த கதவு வழியாக யார் உள்ளே வந்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

பரீட்சை எழுதி வந்த பெண்கள்

புதிய கிராம நிர்வாக அலுவலர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு வந்தது. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் எழுதலாம். தகப்பனார் யார் என்று கேட்பதில்லை, மார்க் என்ன என்றுதான் கேட்கிறார்கள். 1989-ல் தமிழ்நாட்டு அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவிகித ஒதுக்கீடு வந்தது. இரண்டும் சேர்ந்ததும், மரத்தடியில் நின்ற ஆச்சிகளின் பேத்திகள் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார்கள்.

2018 முதல் இந்த வேலைக்கான தேர்வைக் குரூப் 4 தேர்வோடு சேர்த்துவிட்டார்கள். அந்த வருஷம் ஏறக்குறைய 20 லட்சம் பேர் மனுப் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் விசைத்தறி ஓடுகிற தெருக்களில், தறிச் சத்தத்துக்கு நடுவே பொது அறிவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிற பெண்பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். கைக்குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே படித்து எழுதினவர்களும் உண்டு.

பெண் வந்து உட்கார்ந்தால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண் அலுவலர் என்னிடம் சொன்னதைக் கேளுங்கள்.

"முதியோர் பென்ஷனுக்கு மனுக் கொடுக்க ஒரு அம்மா நாலு தடவை வந்தாங்க அக்கா. ஒவ்வொரு தடவையும் சும்மா நின்னுட்டுப் போயிடுவாங்க. அஞ்சாவது தடவை ஆள் இல்லாத நேரம் பார்த்து, 'தாயி, எனக்கு அவ்வளவு வயசு ஆகல. அவரு என்னை விட்டுட்டுப் போயிப் பத்து வருசம் ஆச்சு. ஊருக்குள்ள வெளியூர்ல வேலை பாக்கறார்னு சொல்லி வச்சிருக்கேன்'னு அழுதாங்க. கணவரால் கைவிடப்பட்டவங்களுக்குத் தனியா உதவித்தொகை இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. இதை ஒரு ஆம்பிளைகிட்ட எப்படிச் சொல்வாங்க?"

பத்து வருஷமாக மனத்தில் பூட்டி வைத்த சொல் அது. அதை வெளியே எடுக்க ஒரு பெண் முகம் தேவைப்பட்டது. ஆண் அலுவலர்களில் இரக்கமுள்ளவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சில சங்கடங்களைப் பெண்ணிடம்தான் பெண்ணால் சொல்ல முடியும்.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கும் மெல்ல மெல்லச் சர்க்கார் வழி விட்டிருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பிரசவ விடுப்பு 2011-ல் 6 மாதமாகவும், 2016-ல் 9 மாதமாகவும், 2021-ல் 12 மாதமாகவும் உயர்ந்தது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டு ஓட வேண்டிய கொடுமை குறைந்தது பெரிய விஷயம். ஆனால் அதே பெண் அலுவலர் இன்னொன்றும் சொன்னார். "ஆபீஸ்ல கழிப்பறை சரியா இல்லை அக்கா. காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம இருப்பேன்." படித்து, ஜெயித்து வந்த பெண் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! சிறுநீரை அடக்கினால் நோய்த்தொற்று வரும் என்று நம் பத்திரிகைகளில் டாக்டரம்மாக்கள் எத்தனை தடவை எழுதியிருக்கிறார்கள். கிராம ஆபீஸ் ஒவ்வொன்றிலும் நல்ல கழிப்பறை கட்டுவதும் நிர்வாகச் சீர்திருத்தம்தான்.

ஆபீஸ் அருகில் வருவதும் ஒரு வரம்

பெண்களுக்கு உதவிய இன்னொரு மாற்றத்தை எங்கள் ஊரிலேயே பார்த்தோம். 2019 நவம்பர் 22 வரை நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனுக் கொடுப்பதென்றால் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போகும். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட வேண்டும். அன்று முதல் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. சங்கரன்கோவில் ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடம் ஆயிற்று. சங்கரன்கோவில், சிவகிரி, திருவேங்கடம் வட்டங்களுக்குக் கோட்டாட்சியர் இங்கேயே இருக்கிறார்.

அதே போல, வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் கணினி வழியாகவே அலுவலரின் மேஜைக்குப் போகிறது. பெரும்பாலான வருவாய்ச் சான்றுகளுக்குக் கட்டணம் 60 ரூபாய். பட்டா, சிட்டா விவரத்தை வீட்டில் இருந்தே செல்போனில் பார்க்கலாம். கர்ணத்தின் அலமாரிக்குள் இருந்த புத்தகம் நம் முந்தானையில் முடிந்த செல்போனுக்குள் வந்துவிட்டது என்றால் சாமானியமா?

மாறாமல் நிற்கும் பாதி

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. பதவி பரம்பரையை விட்டு வந்தது. பயத்தையும் தயவையும் விட்டு இன்னும் முழுசாக வரவில்லை. "சும்மா வருமா? ஏதாச்சும் பாத்துக் குடுங்க" என்ற பேச்சு திண்ணையோடு போகவில்லை. கட்டிடத்துக்குள்ளும் வந்துவிட்டது. கணினியில் போட்ட மனுவுக்கும் "நேர்ல ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று போன் வருவதாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கையில் கொடுத்துக் காரியத்தை முடிக்கிற வீட்டுக்கும், கொடுக்க வழியில்லாத வீட்டுக்கும் நடுவில் நசுங்குவது யார்? பெரும்பாலும் ஆண் துணை இல்லாத பெண்கள்தான்.

லஞ்சம் வாங்குவது மட்டும் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு கொடுப்பதும் குற்றம். நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் அதிகாரிகளிடம் புகார் செய்தால் அவருக்குத் தண்டனை இல்லை. கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம். பக்கத்து வீட்டு மதினி "கொடுத்துத் தொலைச்சிரு" என்றால் இதை அவருக்குச் சொல்லுங்கள்.

தாமதத்துக்கு வேறு மாநிலங்களில் ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசம் 2010-ல் ஒரு சட்டம் போட்டது. இன்ன சான்று இத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் அந்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 ரூபாய் வரை அபராதம். அதை அலைந்த மனிதருக்கே நஷ்ட ஈடாகக் கொடுக்கலாம். அதன் பிறகு பிகார், கர்நாடகம், கேரளம் என்று பல மாநிலங்கள் இப்படிச் சட்டம் செய்தன. இங்கேயும் வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக இருந்து வருகிறது. அலைந்த நாளுக்குக் கூலி என்ற நினைப்பே எத்தனை ஆறுதல் பாருங்கள்.

நாற்காலியில் இருப்பவர் பாட்டையும் பார்க்க வேண்டும். நேர்மையாக இருந்தால் பாதுகாப்பு உண்டா? 2023 ஏப்ரல் 25-ந் தேதி, தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் ஆபீசிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தாமிரபரணியில் மணல் திருடுகிறார்கள் என்று போலீசில் புகார் கொடுத்ததுதான் அவர் செய்த காரியம். அந்த வருஷம் செப்டம்பரிலேயே குற்றவாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் போன உயிர் திரும்பி வருமா? நேர்மையான ஊழியரைப் பாதுகாக்கத் தெரியாத நிர்வாகத்தில், அடுத்த வீட்டுத் தாய் தன் பிள்ளைக்கு "நீ எதுலயும் தலையிடாதே" என்றுதான் சொல்லிக் கொடுப்பாள். பரீட்சை நல்ல ஆளை உள்ளே கொண்டு வரும். அவரை நல்லவராகவே வைத்திருக்க ஊரும் சர்க்காரும் கூட நிற்க வேண்டும்.

வீட்டுக்கு நாமே கர்ணம்

நம் பங்கு என்ன என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? பெரிய போராட்டம் ஒன்றும் வேண்டாம். கணக்குத் தெரிந்தவளிடம் யாரும் எளிதில் ஏமாற்றுப் பேச்சுப் பேச முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டுப் பெண்ணே கர்ணமாக இருந்தால் போதும். வரவு செலவு நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு: குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம், அதுவும் 15 வருஷம் வரைதான். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றே பிறந்த தேதிக்கு ஆதாரம். ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் உடனே திருத்துங்கள்.

கலியாணம்: 2009 முதல் தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் செய்துவிடுங்கள். பத்திரிகை, ஆல்பம் எல்லாம் பத்திரமாக வைக்கிற நாம் இதை மட்டும் தள்ளிப் போடுகிறோம்.

இனிஷியல்: பெண்களுக்கு இது பெரிய தலைவலி. பள்ளிச் சான்றில் அப்பா பெயரின் எழுத்து, ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் பெயரின் எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தானா என்று கவுண்ட்டரில் கேட்கும்போது விழிக்கிறோம். ஆதார், பாங்க் புத்தகம், ரேஷன் கார்டு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

வாரிசுச் சான்று: இதைத் தாசில்தார் கொடுக்கிறார், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு. கட்டிக் கொடுத்த மகளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் மனு எழுதும்போது அண்ணன் பெயரை மட்டும் எழுதினார்கள். "அவ போன வீட்டுல நல்லாத்தான இருக்கா" என்றார்கள். விசாரணைக்கு வந்த அலுவலர் பக்கத்து வீட்டில் கேட்டபோது, "ரெண்டு பொம்பளப் புள்ளைக உண்டே!" என்று ஒரு பாட்டி சொல்லிவிட்டார். அதனால் விஷயம் சரியாயிற்று. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் இந்துப் பெண்பிள்ளைக்கும் சம உரிமை வந்துவிட்டது. நாட்டுக்கே அது 2005-ல் வந்தது. பக்கத்து வீட்டுக்கு விசாரணை வந்தால் வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதும் பெண்ணுக்குப் பெண் செய்கிற உதவிதான்.

மனு: எந்த மனுக் கொடுத்தாலும் ரசீது, மனு எண் இரண்டையும் வாங்கி நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அசல் பத்திரத்தை யார் கேட்டாலும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் கொடுத்து, அசலைக் காட்டினால் போதும்.

ஜமாபந்தி: வருஷா வருஷம் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் தாலுகா ஆபீசில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். வருவாய்த் தீர்வாயம் என்று போர்டு வைத்திருப்பார்கள். உங்கள் கிராமத்துக்கு உரிய நாளில் நேரில் மனுக் கொடுக்கலாம். பட்டா சிக்கலுக்கு இது நல்ல வாய்ப்பு.

தகவல் உரிமை: மனு எத்தனை நாளாகியும் நகரவில்லையா? 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கடிதத்தில் வாதம் வேண்டாம், கோபம் வேண்டாம். "இன்ன தேதியில் நான் கொடுத்த இன்ன எண் மனு, எந்தெந்தத் தேதியில் யார் யார் மேஜையில் இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். பல மனுக்கள் அந்தக் கேள்விக்கே காலை எடுத்து நடக்க ஆரம்பித்துவிடும்! இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி. 1997-லேயே இங்கே தகவல் உரிமைக்கென்று ஒரு மாநிலச் சட்டம் வந்தது.

இன்னும் ஒரு வார்த்தை. உங்கள் பெண்ணுக்குப் படிப்பு முடிந்திருந்தால், அல்லது கலியாணமாகி வீட்டோடு இருந்தால், அந்தப் பரீட்சையை எழுதச் சொல்லுங்கள். மருமகள் எழுத விரும்பினால் சாயங்காலம் இரண்டு மணி நேரம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்காலிக்கு வந்த பிறகு, வாசலில் தயங்கி நிற்கிற பெண்ணைப் பார்த்ததும் "உள்ளே வந்து உட்காருங்க அம்மா, என்ன விஷயம்?" என்று கேட்க வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிக் கொடுங்கள். சர்க்கார் உத்தரவில் எழுத முடியாத சீர்திருத்தம் அது. அதை வீட்டில்தான் சொல்லிக் கொடுக்க முடியும்.